கதவுப் பாட்டுக்கு ஒரு திருத்தம்

அலுவலகத்தில் பதினோரு வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒரு விஷயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பத்திரிகை ஆசிரியரின் மேஜைத் தொலைபேசி வழியாக வெளியே வந்துவிட்டது. நான் பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுகிறவள் என்பதுதான் அந்த விஷயம். அது வெளியே வந்த விதத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒரு தமிழ் நாளிதழில் மாநகரச் செய்தியாளர். குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால், பள்ளம் விழுந்த சாலை இவையெல்லாம் என் பொறுப்பு. சங்கீத விமர்சனம் எழுதுகிறவர்கள் வேறு. மார்கழியில் அவர்கள் சபாவுக்குள் இருக்கும்போது நான் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் மக்கள் படும் அவதியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். வீடு மேற்கு மாம்பலத்தில். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. நாங்கள் இரண்டு பேர்தான்.

கிட்டார் எனக்கு வந்தது தற்செயலாக. எங்கள் செய்தி அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த உதவி ஆசிரியர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனபோது, விமானத்தில் கொண்டுபோக முடியாது என்று தன் பழைய கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "நீங்க வாசிக்காட்டியும் பரவாயில்ல, பீரோ மேல வெச்சிருங்க" என்றார். பீரோ மேல் இரண்டு மாதம் இருந்தது. பிறகு ஒரு விடுமுறை நாளில் இறக்கினேன். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து விரல் வைக்கப் பழகினேன். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ப்ளூஸ் என் காதில் விழுந்தது. அமெரிக்காவின் தெற்கில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த பாட்டு அது. ஒரு வரியைப் பாடுவார்கள். அதே வரியை இன்னொரு முறை பாடுவார்கள். மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் இருக்கும். அவ்வளவுதான் அதன் கட்டுமானம். ஆங்கிலம் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்த இரண்டாவது முறை பாடும்போது குரலில் நடக்கிற சின்ன மாற்றம் பிடிபட்டது.

அதைத் தமிழில் எப்படிச் செய்வது என்று தெரியாமல் ஒரு வருடம் போயிற்று. பட்டினப்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போயிருந்தேன். வஞ்சிரம் இருக்கா என்று கேட்டேன். கடை போட்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "வஞ்சிரம் வர்லம்மா." நான் நகராமல் நின்றேன். "வஞ்சிரம் வர்லம்மான்றேன்." இன்னும் நின்றேன். "சங்கரா கீது, வாங்கினா வாங்கு, வெயில்ல நிக்காத." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு முறை ஒரே வரி, மூன்றாவதில் பதில். அந்த அம்மா ப்ளூஸ் பேசிக்கொண்டிருந்தார். சங்கரா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவாமல் முதலில் பாட்டை எழுதினேன். அதுதான் என் முதல் பாட்டு. மீன் அன்றைக்குக் குழம்பாக வெகு நேரம் ஆயிற்று. அடுப்பைப் பற்றவைத்தவரே கணவர்தான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ப்ளூஸில் சுண்டுவிரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கி வாசிப்பது உண்டு. அப்படி வாசித்தால் ஒரு மனிதக் குரல் போலக் கேட்கும். நான் மருந்து பாட்டிலின் கழுத்தை வைத்து முயற்சி செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். மறுநாள் பட்டறையிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியரைக் கொண்டுவந்து என் சுண்டுவிரலை இரண்டு கணுவிலும் அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்டார். ஸ்டீல் குழாயில் வெட்டி, பிசிறு எடுத்து, பளபளவென்று தேய்த்து, அந்த வாரமே கொண்டுவந்து கொடுத்தார். "டைட்டா இருந்தா சொல்லு, உள்ள கொஞ்சம் எடுத்துரலாம்" என்றார். டைட்டாக இல்லை. அவருக்குப் பாட்டில் ஆர்வம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. நான் பாடும் இடத்துக்கெல்லாம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். அவர் வந்து தூங்குவதே எனக்குப் பெரிய பலம்.

பாடுவதற்கு இடங்கள் மெல்ல மெல்லக் கிடைத்தன. அடையாறில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிறு மாலைகளில் யார் வேண்டுமானாலும் பாடலாம். அங்கே மீன் பாட்டைப் பாடினேன். இருபது பேர் கேட்டார்கள், நான்கு பேர் கைதட்டினார்கள். பிறகு மயிலாப்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூப்பிட்டார்கள். பாடி முடித்ததும் அந்த வீட்டு மாமி என்னிடம் வந்து, "நன்னாத்தான் பாடறே. ஆனா அடுத்த அடி மறந்துபோயிடுத்தோன்னு நான் பயந்துண்டே இருந்தேன். சொன்னதையே சொல்லிண்டிருந்தியா" என்றார். அப்படித்தான் அந்தப் பாட்டு என்று விளக்கினேன். "அப்படியா, அப்போ சரி" என்று இன்னொரு கப் சுண்டல் கொடுத்தார்.

அலுவலகத்தில் மட்டும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, செய்தியாளர் என்றால் பக்கம் சாயாமல் எழுத வேண்டும். காலையில் நடுநிலையாக எழுதிவிட்டு மாலையில் மேடையேறிப் புலம்புகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அதனால் கிட்டாரை அலுவலகப் பக்கமே கொண்டுபோனதில்லை.

இப்போது கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

அடையாற்றங்கரையில் இருந்த ஒரு குடியிருப்பைக் காலி செய்து, அங்கிருந்தவர்களை நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வரிசையாக லாரிகள். கட்டில், பாத்திரம், டிவி, கோழிக்கூண்டு எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு முன்னால் மட்டும் சத்தம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, தன் வீட்டுக் கதவை நிலையிலிருந்து கழற்றி லாரியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல கனமான மரக்கதவு, பச்சை பெயிண்ட். லாரிக்காரர் மறுத்தார். புது வீட்டில் கதவு இருக்கிறது, இது எதற்கு என்று கேட்டார்.

"வூட்ட இட்ச்சிக்கோ. கதவு என்னுது."

"வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்னு தெரியல. ஆனா என்னுது."

நாலு வீட்டில் வேலை செய்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் கிடைத்ததைச் சேர்த்து, ஆசாரியிடம் சொல்லிச் செய்த கதவு அது என்று என்னிடம் சொன்னார். அவருடைய மகளும் அவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தாங்களே அதை ஏற்றினார்கள். மகளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சீருடைப் புடவையில் இருந்தாள். கதவை ஏற்றிவிட்டு வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

கதவோடுதான் செய்தியை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு விளம்பரம் அதிகம், இடம் குறைவு. எத்தனை குடும்பங்கள், எந்த இடம், அதிகாரி என்ன சொன்னார் என்பதெல்லாம் வந்தது. கதவு வரவில்லை. அதில் யாருடைய தப்பும் இல்லை. ஆனால் என் மனதை விட்டு அந்தக் கதவு போகவில்லை. மின்சார ரயிலில் போனாலும் எதிரே நின்றது. ஒரு வாரத்தில் பாட்டாகிவிட்டது.

*வூடு போனா போவுது சாமி, கதவு என்னுது.*
*வூடு போனா போவுது சாமி, கதவு என்னுது.*
*சாவி இடுப்புல கீது, பூட்டத்தான் ஒண்ணும் இல்ல.*

கடைசியில் ஒரு சோகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அந்தக் கதவு மூன்றாவது மாடியில் சுவரில் சாய்ந்து கிடப்பதாகவும், அதைக் கரையான் தின்பதாகவும், அந்த அம்மா தினமும் அதைத் தட்டிப் பார்ப்பதாகவும் எழுதினேன். அடையாறு மாடியில் பாடினேன். பாடி முடித்தபோது முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு வந்த கைதட்டல், என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் கேட்காத கைதட்டல். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்து வெளியே விட்டார்கள். அது எங்கெங்கோ போயிற்று. நான் உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம், அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆசிரியர் அழைப்பதாகச் சொன்னார்கள். அவர் அதிகம் பேசாதவர். எழுத்துப்பிழையைக்கூடக் கையால் காட்டுவாரே தவிர வாயால் சொல்ல மாட்டார். உள்ளே போனேன்.

"உட்காருங்கம்மா. ஒரு திருத்தம் போடணும்னு போன் வந்திருக்கு."

"எந்தச் செய்திக்கு சார்?"

"செய்திக்கு இல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு அம்மா பேசினாங்க. 'உங்க பேப்பர்ல வேலை செய்யற பொண்ணு என் கதவப் பத்திப் பொய் பாடிக்கினு கீது'ன்னாங்க. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் செய்தி டெஸ்க்ல ஒருத்தர் வீடியோ எடுத்துக் காட்டினார்."

வேலையே போய்விடும் என்று நினைத்தேன். "சொல்லியிருக்கணும் சார், தப்புதான்" என்று ஏதோ உளறினேன்.

"அது இருக்கட்டும். எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. ஒரே ஒரு சந்தேகம். கரையான் அரிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார். கற்பனை."

"அந்த அம்மா கற்பனை இல்லையே."

"பேர் எதுவும் போடல சார்."

"கதவைப் போட்டிருக்கீங்க. அந்த இடத்துக்குக் கதவோட போனவங்க எத்தனை பேரு?"

அவர் கோபமாக இல்லை என்பது அப்போதுதான் மெல்ல உறைத்தது. ஒரு செய்தியில் தகவல் சரிபார்க்கவில்லை என்றால் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார். "போய்ப் பார்த்துட்டு வாங்க. நாளைக்கு உங்களுக்கு வேற வேலை போடல" என்றார். நான் அறை வாசலுக்குப் போனபோது, "கிட்டாரையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க கேட்டாலும் கேப்பாங்க" என்றார்.

மறுநாள் இரண்டு பேருந்து மாறிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்பு கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றுபோல நிற்கும் கட்டடங்கள். எந்தக் கட்டடம் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. முதல் கட்டடத்தின் கீழேயே பச்சைக் கதவு தெரிந்தது. படுத்துக் கிடந்தது. கீழே நான்கு இரும்புக் கால்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் இட்லிப் பானை, சட்னி தூக்கு, தட்டுகள். அந்த அம்மா அதன் பின்னால் நின்று வடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரிப்பை ஒரு பக்கம் சுருட்டினார்.

"வா. வந்து பாரு. எங்க கரையான்? காட்டு."

குனிந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம்கூடப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா கேக்கணும். என் பொண்ணுக்குக் கடைல கூட வேல செய்யறதுங்கோ வீட்யோவக் காமிச்சி, 'ஐயோ பாவம்டி உங்கம்மா'ன்னுதாம். அவ அயுதுக்கினே வந்தா. நான் இன்னா பாவமா? காலைல ஆறு மணிக்கு இங்க வந்து பாரு, வரிசைல நிக்கிறானுங்கோ."

"தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். மொதல்ல துன்னு." இரண்டு இட்லியும் ஒரு வடையும் வைத்தார். சாப்பிட்டு முடித்தேன். பிறகு என் தோளில் இருந்த கிட்டார் பையைக் கண்ணால் காட்டி, "அத்த எட்த்துக்கினு தான வந்துகீற? பாடு. என்கிட்ட நேர்ல பாடு" என்றார்.

இடுப்பு உயரத் திட்டில் உட்கார்ந்து பாடினேன். மாடிப்படியில் பெண்கள் வந்து நின்றார்கள். முதல் பகுதிக்கு அவர் தலையை ஆட்டினார். "சாவி இடுப்புல கீது" என்ற இடத்தில் சேலை மடிப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். சாவியையும் நான் கற்பனையாகத்தான் எழுதியிருந்தேன். கரையான் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இங்கதான் பொய்யி. இத்த எடு."

"எடுத்துட்டா என்ன வைக்கிறது?"

"நட்ந்தத வெய்யி. காலு வெச்சேன், கடையாச்சு. அத்த சொல்லு."

"காலு நாலு வெச்சேன், கதவு கடையாச்சு" என்று பாடிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. இரண்டாவது முறையும் பாடினேன். மூன்றாவது வரிக்கு நின்றேன். எனக்கு வரவில்லை. அவர் எண்ணெயில் வடையைத் திருப்பிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார்: "இப்போ தட்டாமலே வராங்க பாரு, இட்லி கேட்டுக்கினு."

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். பதினோரு வருடத்தில் நான் எழுதிய எந்த மூன்றாவது வரியும் அதற்கு ஈடில்லை. நான் அந்த அம்மாவை அழவைத்துப் பாடினேன். அவர் தன்னைச் சிரிக்கவைத்துப் பாடினார். அவர் சொன்னதுதான் உண்மை. பாட்டாகவும் அதுதான் நல்ல பாட்டு.

அடுத்த ஞாயிறு அடையாறு மாடியில், பாடுவதற்கு முன் சொன்னேன்: "போன மாதம் பாடிய பாட்டில் ஒரு பிழை இருந்தது. கதவைக் கரையான் அரிக்கவில்லை. அது நல்ல நிலையில் இருக்கிறது, அதன்மேல் இட்லி விற்கிறார்கள். தவறுக்கு வருந்துகிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன். புதிய முடிவோடு பாடினேன். இந்த முறை கண்ணீர் இல்லை. கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அதையும் படம் பிடித்துப் போட்டார்கள். முதல் வீடியோ போன தூரத்துக்கு இது போகவில்லை. ஆனால் போக வேண்டிய ஒரு இடத்துக்கு, தியாகராய நகர் ஜவுளிக்கடைக்கு, போய்ச் சேர்ந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "திருத்தம் போட்டாச்சு சார்." தலையை அசைத்தார். அடுத்த மாத வேலை அட்டவணை வந்தபோது என் வார விடுமுறை வியாழனிலிருந்து ஞாயிறுக்கு மாறியிருந்தது. நான் கேட்கவில்லை. அதுவரை ஞாயிறு வேலையை முடித்துவிட்டுத்தான் அடையாறு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். செய்தி அறையில் ஞாயிறு விடுமுறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். மகளுக்குக் கல்யாணம்.

"வரவேற்புல நீ வந்து பாடற."

"நிச்சயமா வரேன்க்கா. கதவுப் பாட்டுதானே?"

"வோணாம். அது என் பாட்டு. பொண்ணுக்குப் புச்சா ஒண்ணு பண்ணு. அயுவாச்சி ஆவாது, சொல்ட்டேன். மாப்ளைக்கு ஒரு மிரட்டல் வெய்யி."

ப்ளூஸ் கேட்கிறவர்களிடம் அது அழுகைக்கு மட்டுமல்ல, நக்கலுக்கும் சண்டைக்கும் ஆனது என்று நான் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. சோகம் எழுதுவது எனக்குச் சுலபமாகப் பழகிப்போயிருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து, கடையில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளோடு பேசினேன். எப்போது எழுந்திருப்பாய், எந்தப் பேருந்து, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார விடுவார்களா என்றெல்லாம் கேட்டேன். செய்திக்குக் கேட்பது போலவே கேட்டேன். அவள் சொன்னதில் பாதி பாட்டுக்குள் இருந்தது.

கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுக் குழு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்கள் மைக்கைத் தந்து, "சுருதி என்னக்கா?" என்று கேட்டார்கள். சொன்னதும் கீபோர்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நானூறு பேர் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். என் கணவர் பந்தியில் இருந்தார். பெண்ணின் அம்மா மேடைக்கு நேர் கீழே கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

*ரெண்டு பஸ்ஸு மாறிப் போறா, எங்க பொண்ணு மாப்ளே.*
*நாளெல்லாம் நின்னுக்கினே விக்கிறா, எங்க பொண்ணு மாப்ளே.*
*வந்ததும் காப்பி இல்லன்னா, அதே பஸ்ஸுல திரும்பிருவா மாப்ளே.*

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து விசில் வந்தது. மணமகள் முகத்தைப் பூமாலைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாப்பிள்ளை எழுந்து வந்து என்னிடம் மைக்கைக் கேட்டார். ஒரு கணம் பயந்தேன், கொடுத்தேன். "எனக்குக் காப்பி போடத் தெரியும் அத்தை. உப்புமாவும் தெரியும்" என்றார். மண்டபமே அதிர்ந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "பாக்கறேன்" என்றார். என்னிடம் திரும்பி, "இன்னொரு தபா பாடு. பந்தில கீறவங்களுக்கு செரியா கேட்ருக்காது" என்றார்.

இன்னொரு முறை பாடினேன். எழுதுகிறவளுக்கு இந்த அளவு கண்டிப்பான, இந்த அளவு தாராளமான ஆட்கள் அமைவது அபூர்வம். அவர்களில் யாரையும் நான் தேடிப் போகவில்லை. ஒருவர் தவறைத் தட்டிக் கேட்டார், ஒருவர் போய்ப் பார் என்றார், ஒருவர் விரலை அளந்தார். நான் பட்ட கடன் பாட்டில் தீராது. ஆனால் வேறு எதிலும் எனக்குத் திறமை இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பிலிருந்தே மூன்று கல்யாணங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்று வீட்டிலும் மாப்பிள்ளைக்கு மிரட்டல்தான் கேட்டார்கள். இரண்டுக்குப் போய்ப் பாடினேன். மூன்றாவது கல்யாணத்தன்று நல்ல மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதை எழுத அலுவலகத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மணமகளின் அண்ணனுக்குப் போன் செய்து, போனை மைக் அருகில் பிடிக்கச் சொல்லி, செய்தி அறையின் ஜன்னலோரம் நின்று போனிலேயே பாடினேன். டெஸ்க்கில் எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.